அதிர்ஷ்டக்காரப் பயிற்றுநரா ராஜகோபால்?

கேமரன் மலையில் தேயிலைக்குச் சரிவு போதும். காற்பந்துக்குச் சமநிலம் வேண்டும். அந்த மலையில் கிடைப்பதற்கு அரிய பொருள் அதுதான். ஆலை, கோயில், தமிழ்ப்பள்ளி, லயத்து வீடுகள் எல்லாம் போக மிஞ்சிய துண்டு நிலமே தோட்டத்துத் திடல். பந்தைக் கொஞ்சம் ஓங்கி உதைத்துவிட்டால் அது தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு போகும். எடுக்கப் போனவன் திரும்பி வரும்வரை ஆட்டம் நிற்கும். மாலையில் பனி இறங்கிவிட்டால் எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பமே கண்ணுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட திடலில் ஆடிப் பழகியவர்களுக்கு அதிர்ஷ்டம் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தோட்டத்து அணி ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியரைப் பற்றியோ கிராணியைப் பற்றியோ இரண்டு விதமான பேச்சு எழும். "மனுசன் கெட்டிக்காரர்" என்பது ஒன்று. "அவருக்கு ராசி, நல்ல பையன்களாக அமைந்துவிட்டார்கள்" என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டாவது பேச்சுக்குத்தான் குரல் அதிகம். அடுத்த ஆண்டு அதே அணி முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இந்தத் தோட்டத்து வழக்கை நாடே எடுத்துப் பேசிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஆண்டு 2010. மலேசியத் தேசிய அணி அதுவரை ஒருமுறைகூட வென்றிராத ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தை, அன்றைய பெயரில் சுசுகி கிண்ணத்தை, வென்றது. 2024 வரை நடந்த போட்டிகளில் அந்த ஒரு கிண்ணம்தான் நம் கணக்கில் இருக்கிறது. அதை வென்று தந்த பயிற்றுநர் டத்தோ கே. ராஜகோபால். 1956இல் பிறந்தவர், சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் தாக்குதல் ஆட்டக்காரராக ஆடியவர், இரசிகர்களால் 'கிங் ராஜா' என்று அழைக்கப்பட்டவர்.

அவர் வென்றது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா? அதிர்ஷ்டத்தின் பக்கம் நின்று வாதாடுபவர்களிடம் வலுவான சாட்சியங்கள் இருக்கின்றன. நியாயமாக, முதலில் அவர்கள் பக்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு நாட்டின் காலில் நம் விதி

2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. முதல் ஆட்டத்திலேயே மலேசியா இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்றது. அடுத்து தாய்லாந்துடன் 0-0. இரண்டு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி. கடைசி ஆட்டம் லாவோசுடன் டிசம்பர் 7 அன்று பாலெம்பாங்கில். அதே வேளையில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவும் தாய்லாந்தும் மோதின.

கணக்கைக் கவனியுங்கள். மலேசியா லாவோசை வென்றால் நான்கு புள்ளி. ஆனால் தாய்லாந்து இந்தோனேசியாவை வென்றுவிட்டால் அதற்கு ஐந்து புள்ளி. மலேசியா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மலேசியா தன் வேலையைச் சரியாகச் செய்தது, 5-1 என வென்றது. ஆனால் ஜகார்த்தாவில் இரண்டாம் பாதியில் முதல் கோலை அடித்தது தாய்லாந்து. இந்தோனேசியாவுக்கோ அந்த ஆட்டத்தில் எந்த அவசரமும் இல்லை. முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று அரையிறுதியில் இடத்தைப் பிடித்துவிட்ட அணி அது. தோற்றாலும் அதற்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அப்படிப்பட்ட அணிக்குக் கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டையும் பம்பாங் பாமுங்காஸ் கோலாக்கினார். 2-1. தாய்லாந்து வெளியேறியது. அதன் பயிற்றுநர் யார் தெரியுமா? இங்கிலாந்து அணியின் முன்னாள் தலைவர், மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய நாயகர் பிரையன் ராப்சன். உலகப் புகழ் வீட்டுக்குப் போனது; ராஜகோபாலின் பையன்கள் அரையிறுதிக்குப் போனார்கள். ராஜகோபால் அந்த நேரத்தில் இருந்தது வேறு ஊரில், வேறு திடலில். அந்தப் பெனால்டிகளுக்கும் அவருடைய திறமைக்கும் என்ன தொடர்பு? ஒன்றும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இன்னும் இருக்கிறது. டிசம்பர் 26, புக்கிட் ஜாலிலில் முதல் இறுதியாட்டம். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் இரசிகர் கூட்டத்திலிருந்து லேசர் ஒளிக்கதிர்கள் முகத்தில் பாய்வதாகச் சொல்லி இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலை விட்டு வெளியேறினார்கள். ஆட்டம் நின்றது. மீண்டும் தொடங்கியபின் பன்னிரண்டே நிமிட இடைவெளியில் மலேசியா மூன்று கோல்களை அடித்தது. 61ஆவது நிமிடம் சஃபீ சாலி, 68ஆவது நிமிடம் அஷாரி சம்சுடின், 73ஆவது நிமிடம் மீண்டும் சஃபீ. நிறுத்தத்தால்தான் தங்கள் கவனம் சிதறியது என்று இந்தோனேசிய இரசிகர்கள் சொன்னார்கள். அதில் உண்மை எவ்வளவோ, லேசர் அடித்த இரசிகர்கள் நாட்டுக்குப் பெருமை சேர்க்கவில்லை என்பது மட்டும் உறுதி. அதை அதிர்ஷ்டம் என்றும் சொல்ல முடியாது, திறமை என்றும் சொல்ல முடியாது. வெட்கக்கேடு என்றுதான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 29, ஜகார்த்தா. மூன்று கோல் பின்தங்கிய இந்தோனேசியாவுக்கு 18ஆவது நிமிடத்தில் பெனால்டி. அணித் தலைவர் ஃபிர்மான் உத்தினா உதைத்தார். 21 வயது கோல் காவலர் கைருல் ஃபாமி தடுத்துவிட்டார். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் கெலோரா பூங் கர்னோ அரங்கத்தின் ஆரவாரத்தில் அடுத்த எழுபது நிமிடங்கள் எப்படிப் போயிருக்குமோ! 54ஆவது நிமிடத்தில் சஃபீ ஒரு கோல் அடித்தார். இந்தோனேசியா கடைசியில் இரண்டு அடித்து ஆட்டத்தை 2-1 என வென்றது. கிண்ணம் 4-2 என்ற மொத்தக் கணக்கில் மலேசியாவுக்கு. அரசாங்கம் டிசம்பர் 31ஐப் பொது விடுமுறையாக அறிவித்தது.

இதோடு முந்தைய ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009 டிசம்பர் 17, லாவோஸ் தலைநகர் வியந்தியானில் சீ விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டம். மலேசியாவின் 23 வயதுக்குட்பட்டோர் அணி, இதே ராஜகோபாலின் கீழ், வியட்நாமை 1-0 என வென்று இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் எடுத்தது. அந்த ஒரே கோலை அடித்தது மலேசியர் அல்ல. வியட்நாமியத் தற்காப்பு ஆட்டக்காரரே தம் சொந்தக் கோலுக்குள் பந்தை அனுப்பிவிட்டார்.

எதிரியின் சொந்தக் கோல், அடுத்த நாட்டின் பெனால்டி, தடுக்கப்பட்ட பெனால்டி. இதற்கு மேல் என்ன சாட்சியம் வேண்டும் என்று கேட்கலாம்.

கோல் குறைந்த ஆட்டம்

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா விளையாட்டிலும் அதிர்ஷ்டத்தின் பங்கு ஒரே அளவல்ல. பூப்பந்தில் ஒரு செட்டுக்கு 21 புள்ளி. வலையில் பட்டு விழுந்த ஒரு பந்து ஒரு புள்ளியைத்தான் திருடும். மீதி இருபதைத் திறமையால் எடுக்க வேண்டும். காற்பந்தில் தொண்ணூறு நிமிடத்துக்கு இரண்டோ மூன்றோ கோல்தான். கம்பத்தில் பட்டுத் தெறித்த ஒரு பந்து ஆட்டத்தையே தீர்மானித்துவிடும். அதனால்தான் சிறிய அணி பெரிய அணியை வெல்வது மற்ற விளையாட்டுகளைவிடக் காற்பந்தில் அடிக்கடி நடக்கிறது. உலகமே அந்த ஆட்டத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1992இல் டென்மார்க் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற கதை பலருக்கு நினைவிருக்கும். அந்த அணி போட்டிக்குத் தகுதியே பெறவில்லை. போரினால் யூகோஸ்லாவியா விலக்கப்பட, கடைசி நேரத்தில் மாற்று அணியாக அழைக்கப்பட்டது. பயிற்றுநர் ரிச்சர்ட் மொல்லர் நீல்சன் அந்தப் பையன்களைக் கொண்டு இறுதியில் ஜெர்மனியை 2-0 என வீழ்த்தினார். அழைப்பு அதிர்ஷ்டம். ஜெர்மனியை வென்றதும் அதிர்ஷ்டமா?

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் வேறொரு கோணத்தில் பார்த்தார். 1986 முதல் 2004 வரையிலான டச்சுக் காற்பந்து லீக் ஆட்டங்களை ஆராய்ந்தார். தொடர்ந்து தோற்ற அணி பயிற்றுநரை நீக்கியதும் ஆட்டம் முன்னேறுகிறது, உண்மை. ஆனால் அதே அளவுக்குச் சரிந்தும் பயிற்றுநரை நீக்காத அணிகளும் ஏறத்தாழ அதே அளவு முன்னேறியிருந்தன. அடிமட்டத்துக்குப் போனது எப்படியும் கொஞ்சம் மேலே வரும். அந்த நேரத்தில் யார் நாற்காலியில் இருக்கிறாரோ அவருக்குப் பெயர்.

இந்த ஆய்வு ராஜகோபாலின் கதையில் நேராக வந்து உட்காருகிறது. 2009 ஜனவரியில் மலேசியா சொந்த மண்ணில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-5 எனத் தோற்றது. அப்போதைய தேசியப் பயிற்றுநர் பி. சத்தியநாதன் பதவியை இழந்தார். அந்த ஆண்டிலேயே ராஜகோபால் பொறுப்பேற்றார். 0-5க்குக் கீழே போக இடமேது? யார் வந்திருந்தாலும் முன்னேற்றமாகத்தானே தெரிந்திருக்கும்?

மூன்று தோல்விகள் சொல்லும் செய்தி

இங்கேதான் மற்றப் பக்கத்தின் வாதம் தொடங்குகிறது. ராஜகோபாலின் வெற்றிகளை விட்டுவிட்டு அவருடைய தோல்விகளைப் பாருங்கள். உண்மை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2009 சீ போட்டியில் குழு ஆட்டத்தில் மலேசியா வியட்நாமிடம் 1-3 எனத் தோற்றது. அதற்குப் பின் தாய்லாந்தை 2-1 என வென்றது. தாய்லாந்து என்றால் சாதாரணமல்ல; 1993 முதல் 2007 வரை தொடர்ந்து எட்டு முறை தங்கம் வென்ற அணி, அந்த ஆண்டு குழுச் சுற்றோடு வீட்டுக்குப் போனது. அரையிறுதியில் மலேசியா லாவோசை வென்றது. இறுதியில், சில நாள்களுக்கு முன் மூன்று கோல் வாங்கிய அதே வியட்நாமிடம் ஒரு கோல்கூட வாங்கவில்லை. சொந்தக் கோல் அதிர்ஷ்டம்தான். ஆனால் தொண்ணூறு நிமிடம் வியட்நாமைக் கோல் அடிக்கவிடாமல் வைத்திருந்தது யாருடைய சொந்தக் கோல்?

2010இல் முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய அணி, அதற்குப் பின் ஆடிய ஆறு ஆட்டங்களில் மொத்தம் எத்தனை கோல் வாங்கியது? மூன்று. தாய்லாந்திடம் பூஜ்யம், லாவோசிடம் ஒன்று, அரையிறுதியில் வியட்நாமிடம் இரண்டு ஆட்டங்களிலும் பூஜ்யம், இந்தோனேசியாவிடம் முதல் ஆட்டத்தில் பூஜ்யம், கடைசி ஆட்டத்தில் இரண்டு. வியட்நாம் அப்போது நடப்பு வெற்றியாளர். கோலாலம்பூரில் 2-0 என வென்று, ஹனோயில் அவர்களுடைய இரசிகர்கள் முன்னிலையில் 0-0 எனக் கட்டிப்போட்டது மலேசியா. டிசம்பர் 1 அன்று 1-5. அதே இந்தோனேசியாவிடம் டிசம்பர் 26 அன்று 3-0. இருபத்தைந்து நாளில் ஏழு கோல் வித்தியாசம். இதைக் காற்று அடித்துக்கொண்டு வந்து கொடுக்காது.

2012இல் மூன்றாவது முறை. சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில், சொந்த மண்ணில், சிங்கப்பூரிடம் 0-3. இரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் லாவோஸ் 4-1. அதற்கடுத்து இந்தோனேசியா 2-0. மீண்டும் அரையிறுதி.

அடுத்தடுத்து மூன்று போட்டிகளில் ஒரே கதை. நடுவில் பலத்த அடி வாங்குவது, ஆளை மாற்றியோ ஆட்டத்தை மாற்றியோ மனத்தை மாற்றியோ சில நாள்களுக்குள் எழுந்து நிற்பது. ஒருமுறை நடந்தால் ராசி என்று ஒதுக்கலாம். மூன்று முறை நடந்தால் அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார் என்று பொருள்.

முதல் ஆட்டத்திலேயே ஏன் சரியாக ஆடவில்லை என்று கேட்பதும் நியாயம்தான். அது அவருடைய குறை. இளம் ஆட்டக்காரர்களை நம்பி இறங்கியவர் அவர். 2009 தங்க அணியின் பையன்களையே மூத்தோர் அணியின் முதுகெலும்பாக்கினார். 2010 நவம்பரில் குவாங்சூ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அந்த இளையோரை இரண்டாம் சுற்றுவரை கொண்டுபோய், ஈரானிடம் தோற்று, பிறகு ஜகார்த்தாவுக்குப் புறப்பட்டார்கள். பிஞ்சு அணி முதல் ஆட்டத்தில் மிரளும், கற்றுக்கொள்ளவும் செய்யும். அந்த விலையைக் கொடுத்தே அந்தச் சரக்கை வாங்கினார்.

கிளந்தானில் இருந்து வந்த அதிர்ஷ்டம்

திறமை என்று சொல்லிவிட்டு இங்கேயே எழுந்து போய்விடலாம். ஆனால் வழக்கில் இன்னொரு சாட்சி இருக்கிறார். இதுவரை யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

தேசிய அணியிலிருந்து இறக்கப்பட்ட சத்தியநாதன் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. கிளந்தான் அணிக்குப் போனார். 2010 அக்டோபர் 30, புக்கிட் ஜாலில். மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தான் நெகிரி செம்பிலானை 2-1 என வென்றது. கிளந்தானுக்கு அது வரலாற்றிலேயே முதல் மலேசியக் கிண்ணம். 0-5 என்ற பழியைச் சுமந்து வெளியேறியவர் இருபத்தோரு மாதத்தில் ஒரு மாநிலத்தின் கனவை நிறைவேற்றி வைத்தார்.

அந்தக் கிளந்தான் அணியின் கோல் காவலர் யார்? கைருல் ஃபாமி. தாக்குதலில் யார்? நோர்ஷாருல் இட்லான். டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் கோல் கோட்டின் ஓரத்தில் இந்தோனேசியத் தற்காப்பு ஆட்டக்காரரை ஏமாற்றித் திரும்பி, சஃபீயின் காலில் பந்தை வைத்தாரே, அந்த நோர்ஷாருல்தான். டிசம்பர் 29 அன்று ஃபிர்மான் உத்தினாவின் பந்தைத் தடுத்த கைகள் கைருல் ஃபாமியுடையவை.

இரண்டு மாத இடைவெளியில் இரண்டு கிண்ணங்கள், இரண்டு இந்திய வம்சாவளிப் பயிற்றுநர்கள். ஒருவர் எந்த நாற்காலியிலிருந்து இறக்கப்பட்டாரோ அதே நாற்காலியில் இன்னொருவர். இறக்கப்பட்டவர் மலேசியக் கிண்ணக் களத்தில் பதப்படுத்தி வைத்த ஆட்டக்காரர்கள் இருவர், அமர்ந்தவரின் கிண்ணத்தைக் காப்பாற்றினார்கள். ராஜகோபாலின் 'அதிர்ஷ்டம்' என்று எதைச் சொல்கிறோமோ, அதில் ஒரு பெரிய பங்கு சத்தியநாதனின் உழைப்பு. சங்கம் 2007இல் தொடங்கிய ஹரிமாவ் மூடா இளையோர் திட்டத்தின் பங்கும் அதில் உண்டு. சஃபீயைப் பதப்படுத்திய சிலாங்கூரின் பங்கும், எஸ். குணாளனைக் கொடுத்த நெகிரி செம்பிலானின் பங்கும் உண்டு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத உழைப்புக்குத்தான் பல நேரங்களில் அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்கிறோம்.

இது தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அந்த மலையைப் பார்த்து எழுதிவைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவப்பட்ட ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். உலகப் பொருளாதாரம் சரிந்த ஆண்டு அது. ஒரு நீராவி உருளையும் சில கோவேறு கழுதைகளும் தவிர மற்றதெல்லாம் மனிதக் கைகள். பெரும்பாலும் தமிழ்க் கைகள். காட்டை வெட்டி, சரிவைச் செதுக்கி, கன்றை நட்டு, முழுப் பலன் பார்க்க மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ரஸ்ஸல் 1933இல் இறந்துவிட்டார்.

முறையாகக் கவாத்து செய்து வந்தால் தேயிலைச் செடி நூறாண்டு வரையிலும் கொழுந்து கொடுக்கும். இன்று ஒரு கூடை நிறைகிறது என்றால் அதில் இன்றைய மழை உண்டு. எடுத்தவரின் கைவேகம் உண்டு. மூன்று ஆண்டுக்கு முன் செடியை அடியோடு கவாத்து வெட்டி, அந்தக் காலாண்டின் எடை குறைந்ததற்காகத் துரையிடம் ஏச்சு வாங்கிய மண்டோரும் உண்டு. எடை நிறுக்கும் இடத்தில் பதிவாவது கொழுந்து எடுத்தவரின் பெயர் மட்டும். நல்ல மழை விழுந்த மாதம் மண்டோர் கெட்டிக்காரர். வறண்ட மாதம் அவரே சோம்பேறி. அவர் என்னவோ இரண்டு மாதமும் ஒரே நேரத்தில்தான் எழுந்து பெரட்டுக்கு வந்தார்.

சத்தியநாதனை 0-5 என்ற ஓர் ஆட்டத்தை வைத்து எடை போட்டதும் இந்தக் கணக்குத்தான். அதே கணக்கு ராஜகோபாலுக்கும் வந்தது.

கிண்ணத்துக்குப் பிறகு

2011 ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. முதலில் சீன தைப்பே. கோலாலம்பூரில் 2-1, தைப்பேயில் 2-3. மொத்தம் 4-4, எதிரியின் மண்ணில் அதிகக் கோல் அடித்தவர் என்ற விதியால் மலேசியா தப்பியது. இதுவும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதப்பட்டது. அடுத்து சிங்கப்பூர். அங்கே 3-5, இங்கே 1-1. வெளியேறியது மலேசியா. ஏழே மாதத்துக்கு முன் பொது விடுமுறை வாங்கிக் கொடுத்த பயிற்றுநரைப் பற்றி இப்போது வேறு பேச்சு. 2012 அரையிறுதியில் தாய்லாந்திடம் 1-1, 0-2. 2013 முடிவில் ராஜகோபாலின் காலம் முடிந்தது. அடுத்து வந்தவர் டோலா சாலே.

சிங்கப்பூரிடம் தோற்றதும் அவர் முட்டாளாகிவிட்டாரா? அல்லது 2010லேயே அவர் முட்டாளாக இருந்து, அது 2011இல்தான் தெரிந்ததா? கிரேக்கத்தை 2004இல் ஐரோப்பிய வெற்றியாளராக்கிய ஜெர்மானியர் ஓட்டோ ரெஹாகல் அடுத்த உலகக் கிண்ணத்துக்குத் தகுதிகூடப் பெறவில்லை. ஆனாலும் கிரேக்கக் காற்பந்துச் சங்கம் அவரை 2010 வரை வைத்திருந்தது. அந்த ஆண்டு உலகக் கிண்ணத்துக்கு அணியை அழைத்தும் போனார். இங்கிலாந்தில் நேர்மாறு. லெஸ்டர் சிட்டியை 2016இல் யாரும் எதிர்பாராமல் லீக் வெற்றியாளராக்கிய கிளாடியோ ரனியேரி, ஓராண்டு முடிவதற்குள் 2017 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். கிரேக்கர்களுக்குப் பொறுமை; ஆங்கிலேயர்களுக்கு அவசரம். மலேசியா நடுவில் எங்கோ நின்றது என்று சொல்லலாம். கிண்ணம் வென்ற பின் மூன்று ஆண்டு கொடுத்தது. சத்தியநாதனுக்கு அதுவும் கொடுக்கவில்லை.

இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது. ஒருவரின் வெற்றியை ராசி என்று சொல்லிவிட்டால் அவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். 1-5 தோற்ற மறுநாள் காலை அந்தப் பையன்களிடம் ராஜகோபால் என்ன பேசினார், யாரை எந்த இடத்தில் மாற்றி நிறுத்தினார், பந்து இல்லாத நேரத்தில் எப்படி நிற்கச் சொன்னார், இதெல்லாம் எழுதி வைக்க வேண்டிய பாடம். ஜாதகம் பார்த்துச் சொல்வதுபோல் 'அவருக்கு நேரம் நல்லா இருந்துச்சு' என்று முடித்துவிட்டால் அந்தப் பாடம் அவரோடு போய்விடும். 2013க்குப் பின் தேசிய அணியின் நிரந்தரத் தலைமைப் பயிற்றுநர் நாற்காலியில் இந்திய வம்சாவளியினர் எவரும் அமரவில்லை. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்து, 2019இல் சூப்பர் லீக் வரை ஏறிய பெட்டாலிங் ஜெயா சிட்டி அணியும் 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது.

மலைத் தோட்டங்களிலும் காட்சி மாறிவிட்டது. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். மலையில் மிஞ்சியிருக்கும் தமிழ்ப்பள்ளிகளில் பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. பள்ளி முடிந்தபின் சொந்தச் செலவில் பந்து வாங்கிப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியரின் அணி மாவட்டப் போட்டியில் ஒரு கோப்பை வென்றுவிட்டால், இன்றும் முதலில் காதில் விழுவது அந்தப் பழைய பேச்சுத்தான்: நல்ல பையன்களாக அமைந்துவிட்டார்கள். அவர்களை அமைத்தது யார் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ராஜகோபாலுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பம்பாங் பாமுங்காஸ் உதைத்த இரண்டு பெனால்டிகளும் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. அந்த அதிர்ஷ்டம் அவரை அரையிறுதியின் வாசலில் கொண்டுவந்து விட்டது. உள்ளே போய் நடப்பு வெற்றியாளரை ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் வென்றதும், தன்னை ஐந்து கோலால் அவமானப்படுத்திய அணியை மூன்று கோலால் திருப்பி அடித்ததும் வாசலில் கொண்டுவந்து விட்டவரின் வேலை அல்ல.

அந்த இறுதியாட்டத்தில் ஜகார்த்தாவின் நெஞ்சை உடைத்த சஃபீ சாலியை மறுமாதமே இந்தோனேசியக் கிளப் ஒன்று ஒப்பந்தம் செய்து அழைத்துக்கொண்டது. அவர்கள் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தால் காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

2010 டிசம்பர் 29 ஆட்டத்தின் பதிவில் மலேசியாவின் பயிற்றுநர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது. ஃபிர்மான் உத்தினாவின் பந்தைத் தடுத்த பையனை இரண்டு மாதங்களுக்கு முன் மலேசியக் கிண்ண இறுதிக்கு அழைத்து வந்தவரின் பெயர் அங்கே இல்லை. பி. சத்தியநாதன் 2023 ஜூலையில், தமது 65ஆவது வயதில் காலமானார்.